கேட்காத இடத்தில் ஒரு கட்டம்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதை எழுத உட்காரும் முன், பழைய நாட்குறிப்புகளில் ஏழு ஆண்டுகளுக்கு உரியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, அவரைப் பற்றி வரும் பக்கங்களில் எல்லாம் காகிதத் துண்டு செருகினேன். கிழித்து வைத்த துண்டுகள் போதவில்லை. அந்தப் பக்கங்களிலும் பெயர் கிடையாது, ‘அக்கா’ என்றுதான் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்பதற்கு அவரே ஒரு காரணம் சொல்லியிருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் சுருக்கெழுத்தர். அதே அறையில் நான் தட்டச்சர். நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது, அவருக்கு நாற்பத்தொன்று. ஒல்லியான உடம்பு, கரை மெலிந்த வெளிர்நிறப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை. வலது நடுவிரலின் முதல் கணுவில் பென்சில் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போய், அதன் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பாதி பிளேடு ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு பென்சில்களை இரு முனையும் சீவித் தகர டப்பாவில் அடுக்குவார். முனை தேய்ந்தால் திருப்பிப் பிடிக்க வேண்டும், சீவிக்கொண்டிருந்தால் பேசுகிறவர் காத்திருக்க மாட்டார் என்பது அவர் கணக்கு.

சுருக்கெழுத்தில் காதில் விழாத சொல்லுக்கு இடம் விட்டு மேலே போவது எல்லோரும் செய்வதுதான். பிறகு தட்டச்சு செய்யும்போது முன்னும் பின்னும் பார்த்து, பொருத்தமான ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவோம். அக்கா நிரப்ப மாட்டார். விழாத இடத்தில் சின்னதாக ஒரு சதுரம் போடுவார். அதைக் கட்டம் என்று சொல்வார். பேசியவரிடமே போய்க் கேட்பார். அவர் சொன்னால் எழுதுவார். அவருக்கும் நினைவில்லை என்றால் கட்டம் கட்டமாகவே நிற்கும். அலுவலகத் தாளிலும் அந்த இடம் வெறுமையாகவே போகும்.

ஒருமுறை வாய்க்கால் தூர்வாருவது பற்றிய ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்துப் பார்த்த அதிகாரி அவரைக் கூப்பிட்டார். நான் கையெழுத்துக்கு வேறு தாள்களுடன் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“புவனகிரிக்காரர் கேட்டதுக்கு நான் பதில் சொன்னேனேம்மா, அது எங்க?”

“நீங்க சொல்லல சார்.”

“சொல்லலியா? சொல்லணும்னு நெனச்சிருந்தேன்.”

“இப்ப சொல்லுங்க சார், எழுதிக்கறேன். கூட்டம் முடிஞ்சப்புறம் சொன்னதுன்னு மேல போட்டுடறேன்.”

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தால் வாசலில் இருந்த பியூன், “அந்தம்மா எதுருல தும்மிடாதீங்க, மினிட்ஸ்ல ஏறிடும்” என்றார். அக்காவின் காதில் அது விழுந்தது. “தும்முனா தும்முனாருன்னு எழுதுவேன்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, அவர் கணவர் விஷயம் தெரியும்வரை. மகனுக்கு நாலு வயதாக இருந்தபோது கணவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பக்கத்திலேயே இருந்த அக்கா, ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்க வெளியே போயிருக்கிறார். பத்து நிமிடம். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஏதோ சொன்னார், சரியாகப் புரியவில்லை என்று நர்ஸ் சொன்னாளாம். அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளாக உறவினர்கள் எவராவது, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் அவர் வீட்டில் இருந்த ஒரு நாள் நாத்தனார் வந்திருந்தார்.

“உன்னத்தான் அண்ணி கூப்ட்டிருப்பாரு.”

“கூப்ட்டிருப்பாரு.”

“பின்ன யார கூப்டப் போறாரு? அப்படியே வெச்சிக்கயேன், மனசுக்கு ஆறுதலா இருக்கும்ல.”

“எனக்குக் கேக்கல” என்றார் அக்கா. சண்டைக்காரத் தொனி இல்லை. பிறகு எழுந்து போய் நாத்தனாருக்குக் காபி கலந்துகொண்டு வந்தார்.

நானும் அவரும் நெருக்கமானது ஒரு தேர்வால். அலுவலகங்களில் தமிழ் வந்துகொண்டிருந்த காலம் அது. ஆங்கிலச் சுருக்கெழுத்து தெரிந்தவர்களும் தமிழில் எழுதித் தேற வேண்டியிருந்தது. சுருக்கெழுத்து கற்றிருந்த நானும் அதற்குப் பெயர் கொடுத்திருந்தேன். பழகுவதற்கு யாராவது நிற்காமல் தமிழில் பேச வேண்டும். எங்கள் அலுவலகத்தில் தொடர்ந்து மூன்று வாக்கியம் தமிழில் பேசக்கூடியவர் எவரும் இல்லை. அக்காதான் வழி சொன்னார்.

“எங்க கோயில்ல ஒருத்தர் இருக்காரு. நின்னா முக்கா மணி நேரம், மூச்சு விடமாட்டாரு. ஞாயித்துக்கெழம வர்றியா?”

அவர் கோயில் என்றது பழைய நகரத்தில் துறைமுகத்துப் பக்கம் இருந்த மாதா கோயிலை. நான் சிதம்பரத்திலிருந்து முதல் பாசஞ்சரைப் பிடித்துப் போவேன். என் அப்பா திருநீற்றைப் பூசிக்கொண்டே, “நாலு கோபுரம் இருக்கற ஊர வுட்டுட்டு ஒத்த மணிக்கூண்டுக்கு ரயிலேறிப் போறாளே” என்பார். ஆனால் ரயில் நேரத்தை ஒருநாளும் தவறவிடாமல் எழுப்பிவிட்டதும் அவர்தான்.

கோயிலில் பெண்கள் இடதுபக்கம் பாயில் உட்காருவார்கள். எங்கள் இடம் பின்னால், பக்கவாசலை ஒட்டிய தூணுக்கு அருகில். முதல் வாரம் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள் என்னிடம், “எந்த ஊரு கோயிலும்மா நீ?” என்று கேட்டார். “சிதம்பரம்.” “அங்க எந்தக் கோயிலு?” “நடராஜர் கோயில்” என்றேன். அவர் என்னையும் நோட்டையும் பார்த்தார். பிறகு பாயைக் கொஞ்சம் நகர்த்தி எனக்குக் கால் நீட்ட இடம் விட்டார்.

சாமியாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குப்பொடி போடுவார். அந்த ஆண்டு மழைக்காலத்தில் பல வாரங்கள் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசினார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தியோக்கியா என்ற ஊரில் பிறந்து, பிறகு ராஜதானியிலேயே பேராயராக இருந்த புனிதர் அவர். பேச்சின் இனிமைக்காகப் பொன்வாய் அருளப்பர் என்று பெயர் வந்ததாம். கோயில்களில் அந்தக் காலத்தில் புனிதர்களை ‘அர்ச்சியசிஷ்ட’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கோடு போட்டு முடிப்பதற்குள் எனக்கு அடுத்த வாக்கியம் போய்விடும்.

“அவரு பிரசங்கத்துக்கு வர்ற கூட்டத்துல பிக்பாக்கெட்டுக்காரனும் வருவானாம்” என்றார் சாமியார் ஒரு ஞாயிறு. “பைய வீட்டுலயே வெச்சிட்டு வாங்கன்னு அவரு சொல்ல வேண்டியதாப் போச்சு. எனக்கு அந்தக் கவல இல்ல. என் பிரசங்கத்துல நீங்க தூங்குனாலும் அவன் வரமாட்டான், உங்க பாக்கெட்டு அவனுக்கே தெரியும்.” ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அக்கா அதையும் எழுதினார். அடைப்புக்குள் ‘சிரிப்பு’ என்றும் எழுதினார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவர் பென்சில் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். சாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்: “அவரு எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கிட்டுப் பேசல. கூட்டத்துல சிலபேரு உக்காந்து, அந்தக் காலத்துச் சுருக்கெழுத்துல எழுதிக்கிட்டாங்க. அவுங்க பேரு யாருக்கும் தெரியாது. அவுங்க இல்லன்னா அந்த வாயி பொன்னா மண்ணான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அக்கா, “கேட்டியா? அப்பவே நம்ம ஆளுங்க இருந்திருக்காங்க” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

“பேருகூட இல்லாமப் போச்சேக்கா.”

“பேரு எதுக்கு? பேசுனது அவரு. நாம நடுவுல தலய நீட்டக்கூடாது. நீ என்னிக்காவது எதாவது எழுதுனா என் பேரப் போடாத.”

நான் நாட்குறிப்பு எழுதுவது அவருக்குத் தெரியும்.

அவருடைய ஒரே மகன் அப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். ஞாயிறு மாலை ரயிலில் அவனும் நானும் சேர்ந்து திரும்புவோம். அம்மாவின் காது அவனுக்கு, அகலமாக, கொஞ்சம் முன்னால் தள்ளி. “இன்னிக்கு அம்மா எத்தன கட்டம்?” என்று கேட்பான். “ரெண்டு” என்பேன். “நீங்க?” “எனக்கு ஒண்ணும் இல்ல.” “நீங்கதான் ரொப்பிடுவீங்களே” என்று சிரிப்பான். உண்மை. தேர்வில் விட்டுப்போன சொல்லுக்கு மதிப்பெண் போகும், பொருந்திய சொல்லுக்குப் போகாமலும் இருக்கலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டதிலிருந்து, நான் கட்டம் போடுவதையே விட்டிருந்தேன். வாரா வாரம் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நோட்டுகளையும் ஒப்பிடுவோம். அக்கா என் நோட்டைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்குது. ஆனா சாமியார் இத சொல்லலியே” என்று பென்சிலால் தட்டுவார்.

இனி அந்த ஞாயிறு. ஐப்பசி மழை. பிரசங்கம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மின்சாரம் போனது. ஒலிபெருக்கி நின்றது. பக்கவாசல் தாழ்வாரத்துக்குத் தகரக் கூரை. அதை ஒட்டித்தான் நாங்கள் இருந்தோம். மழை அடித்த அடியில் பக்கத்தில் குழந்தை அழுவதே கேட்கவில்லை. அந்த நேரத்தில் சாமியார், புனிதரின் தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வயதில் கணவனை இழந்தவள், மறுமணம் வேண்டாம் என்று ஒற்றை மகனை வளர்த்தவள். மகன் வீட்டை விட்டுத் துறவுக்குப் போகப் போகிறேன் என்று வந்து நின்றான் என்பதுவரை கேட்டது. அதற்குப் பிறகு தாய் என்ன சொன்னாள் என்பதைச் சாமியார் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. தாழ்த்திச் சொன்னார். உதடு அசைவது தெரிந்தது. ஒருமுறை தன் கையையே பிடித்துக் காட்டினார். சுமார் இரண்டு நிமிடம்.

அக்கா கட்டங்கள் போட்டுக்கொண்டே போனார். மொத்தம் பதினொன்று எண்ணினேன். நான் எழுதினேன். எனக்கும் கேட்கவில்லை. சாமியாரின் கை அசைவும் முகமும் எனக்குப் போதுமாக இருந்தன. அந்தத் தாய் மகனின் கையைப் பிடித்து, ‘போ மகனே, என் கண்ணீர் உன் வழியை ஈரமாக்க வேண்டாம், நான் உன்னைத் தடுக்க மாட்டேன்’ என்று சொன்னதாக எழுதினேன். எழுதியபோதே அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

திங்கட்கிழமை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே அக்கா என் நோட்டை வாங்கினார். நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார். நெடுநேரம் பார்த்தார்.

“இது சாமியார் சொன்னதா?”

“ஆமாக்கா.”

“நீ கேட்டியா?”

அவர் இரண்டாம் முறை கேட்டபோதாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஒருமுறையாவது அவரை விடக் காது கூர்மையானவளாக இருக்க ஆசைப்பட்டேன். “கேட்டேன். நான் தூணுக்கு இந்தாண்ட இருந்தேன்ல” என்றேன்.

“சாமியாரையே கேக்கலாம்” என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு, “வேணாம். கேட்டா ஏன் கேக்கறேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்” என்றார். மேசையிலிருந்து பேனாவை எடுத்து, தன் நோட்டில் அந்தப் பதினொரு கட்டங்களுக்கு மேலே என் வாக்கியத்தை மையால் எழுதிக்கொண்டார். பென்சில் தவிர வேறொன்றால் அவர் நோட்டில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, மாலை ரயிலில், அக்காவின் மகன் சொல்லித்தான் தெரிந்தது. படிப்பு முடிந்ததும் துறவறச் சபை ஒன்றில் சேரப் போகிறான். வடக்கே, ரயிலில் மூன்று நாள் தூரம். சாமியார்தான் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருக்கிறார். அம்மாவிடம் ஐப்பசி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டானாம்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ரொம்ப நாளு ஒண்ணும் சொல்லல. போன மாசம் ஒரு திங்கக்கெழம சாயங்காலம் எனக்கு லெட்டர் போட்டாங்க. தடுக்க மாட்டேன், போன்னு.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மா இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன். சொல்லுவாங்கன்னு நெனச்சேன்” என்றான்.

வண்டி வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. அது உண்மையாகவே சாமியார் சொன்னதாக இருக்கும் என்று என்னை நானே நம்பவைத்திருந்தேன்.

அடுத்த கோடையில் அவன் புறப்பட்டான். கடலூர் ஜங்ஷனில் நானும் நின்றிருந்தேன். வண்டி கிளம்ப வேண்டிய நேரத்துக்குக் கிளம்பவில்லை. பதினொரு நிமிடம் தாமதம் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அவன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தபடி இருந்தான். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தண்ணி பாத்துக் குடி” என்றார். பிறகு, “அங்க குளுரு ஜாஸ்தின்னாங்க” என்றார். வண்டி நகர்ந்தபோது கம்பியிலிருந்து கையை எடுக்க மறந்து நாலு அடி கூடவே நடந்தார்.

மாதம் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் பகலில் ஆள் இல்லை என்பதால் அலுவலக முகவரிக்கு வரும். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். அந்த நேரத்தில் அக்கா அதிகாரி அறையில் எழுதிக்கொண்டிருப்பார். வெளியே சைக்கிள் மணி கேட்கும். ஒரு மாதத்துத் தாள்களை வரிசையாகத் தட்டச்சு செய்தபோது எனக்குத் தெரியவந்தது: பதினொரு மணியைச் சுற்றி எழுதிய இடங்களில் எல்லாம் கட்டம் இருந்தது. மணிச் சத்தம் கேட்கிற காது வேறெதையும் கேட்கவில்லை. அதிகாரிகூட ஒருநாள், “என்னம்மா, பதினோரு மணியானா உங்களுக்குக் காது அடைக்குது?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றார் அக்கா.

அந்தப் புனிதரின் கடைசிக் காலத்தைச் சாமியார் சொல்லியிருந்தார். அரண்மனையோடு பகை. நாடு கடத்தினார்கள். மலையூர் ஒன்றிலிருந்து தன்னை நேசித்தவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அங்கிருந்தும் இன்னும் தொலைவுக்கு வெயிலிலும் மழையிலும் நடத்திக் கூட்டிப்போனதில் வழியிலேயே இறந்தார். முப்பது ஆண்டு கழித்து அவர் எலும்புகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது, கடலெல்லாம் படகு, படகெல்லாம் விளக்கு. அக்கா அந்தப் பகுதியை மட்டும் பலமுறை எடுத்துப் படிப்பார். “முப்பது வருஷம்” என்பார். “கூப்டணும்னு யாருக்கோ தோணியிருக்குது பாரு.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் சாமியார் உடம்பு முடியாமல் ஓய்வு பெற்று, சிதம்பரத்தில் ஒரு சின்னக் கோயிலை ஒட்டிய வீட்டில் வந்து தங்கினார். நான் தேர்வில் தேறியிருந்தேன். நன்றியாக இருக்கட்டும் என்று, புனிதரைப் பற்றிய அவருடைய பிரசங்கங்களை என் நோட்டிலிருந்து நல்ல பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இத நான் சொன்னேனா?”

எந்த இடம் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்குது” என்றார். “ஆனா அந்தத் தாய் இப்படிச் சொல்லலியேம்மா. மகன் கையப் புடிச்சி, அவன் பொறந்த கட்டிலுகிட்டயே கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சா. அழுதா. உங்கப்பா போனப்ப ஒருதரம் தனியா நின்னேன், இன்னொருதரம் என்னால முடியாது. நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப உம் மூஞ்சியில அவர் மூஞ்சியப் பாத்துத்தான் இருந்தேன். என்ன மண்ணுல வெச்சிட்டு அப்புறம் எங்க வேணா போ, அதுவரைக்கும் இருன்னு கெஞ்சினா.”

“அவர் இருந்தாரா ஃபாதர்?”

“இருந்தாரு. அவ பேச்சக் கேட்டு வீட்டுலயே இருந்தாரு. பிற்பாடுதான் மலைக்குப் போனாரு. அதனால அவரு புனிதம் ஒண்ணும் கொறஞ்சி போயிடல.” பொடி டப்பாவைத் திறந்தவர் போடாமல் மூடினார். “இத வேற யாராவது படிச்சாங்களாம்மா?”

நான் பிரதியை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த ஒன்பது நாளுக்கு என் நாட்குறிப்பில் ரயில் நேரங்கள் மட்டும்தான் இருக்கின்றன. பத்தாம் நாள் ஞாயிறு. அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கேட்கவில்லை என்றும், நானாக எழுதினேன் என்றும், கேட்டதாகப் பொய் சொன்னேன் என்றும், அந்தத் தாய் வேறு சொன்னாள் என்றும்.

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நோட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். மையில் என் வாக்கியம். அதன் ஓரத்தில் சின்னதாக, பென்சிலில், என் பெயர். ‘இன்னார் சொல்லக் கேட்டது.’

“நீ சொன்னத நான் கேட்டேன். கேட்டத எழுதினேன்” என்றார். “சாமியார் இவ்ளோ அழகா பேசமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமாக்கா?”

அக்கா பென்சிலை எடுத்து முனையைப் பார்த்தார். “அந்தத் தாய் சொன்னத சொல்லு. சாமியார் சொன்ன மாதிரியே. மெதுவா.”

சொன்னேன். கட்டிலில் தொடங்கி, அதுவரைக்கும் இரு என்பதுவரை. மழை இல்லை. தெருவில் சத்தம் இல்லை. அவர் வேகத்துக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு கோட்டையும் பள்ளி நோட்டில் எழுதுவதுபோல அழுத்தி எழுதினார். நான் முடித்த பிறகும் பென்சில் சிறிது நேரம் அசைந்தது. பிறகு நோட்டை மூடினார்.

“அவனுக்கு எழுதுங்கக்கா. இப்பவாவது.”

“சபையிலயே இருந்துடறேன்னு வார்த்தப்பாடு குடுத்துட்டான்” என்றார். “போன வாரம் லெட்டர் வந்துச்சு.” எழுந்து போய் மீனை எடுத்துக்கொண்டார். “சாப்ட்டுட்டுப் போ. நீ மீன் சாப்பிட மாட்டல்ல, ரசம் வெக்கறேன்.”

என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல என் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் இருந்தார். கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று அந்த ஆண்டு முழுக்கப் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.

அறுபத்தெட்டில், அக்கா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். மகனுக்கு அடித்த தந்தி அவன் கைக்குப் போனபோது அடக்கம் முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. நோட்டுகளையும் தகர டப்பாவையும் நாத்தனார் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். “உன்ன வுட்டா இத யாரு படிக்கறது?” என்றார்.

அடுத்த ஆண்டுதான் அவனுக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளை அங்கியில் சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அப்பா திருநீற்று நெற்றியோடு எழுந்து நின்று, “வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, தம்பி என்றது சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். அவன் காது அப்படியேதான் இருந்தது. அம்மாவின் நோட்டுகள் என்னிடம் இருப்பதாக அத்தை சொன்னதாகவும், கொஞ்சம் படித்துக் காட்ட முடியுமா என்றும் கேட்டான்.

மதியம் முழுக்கப் படித்தேன். பிக்பாக்கெட்டுக்காரன், சிரிப்பு, பெயரில்லாத சுருக்கெழுத்துக்காரர்கள், விளக்கு வைத்த படகுகள். கட்டம் வந்த இடத்தில் எல்லாம் “கட்டம்” என்றே படித்தேன். அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு மழைப் பக்கம் வந்தது. பதினொரு கட்டம் என்று படித்தேன். அவற்றுக்கு மேல் மையில் இருந்ததைப் படித்தேன். ஓரத்தில் இருந்த என் பெயரையும் படித்தேன். அது என்ன என்று அவன் கேட்டான். சொன்னேன். நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் அடித்தது.

“மேல படிங்க” என்றான்.

பென்சிலில் இருந்ததைப் படித்தேன். கட்டில், அழுகை, அப்பாவின் முகம், அதுவரைக்கும் இரு. அது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறந்ததில்லை. கடைசிக் கோட்டுக்குப் பிறகு, ஒரு விரல் இடம் விட்டு, ஒரே ஒரு கட்டம் இருந்தது. நான் சொன்னதில் அவருக்குக் கேட்காமல் போன சொல் ஒன்றும் இல்லை. மற்ற கட்டங்களை விட அது பெரிதாகவும், நாலு பக்கமும் இரண்டு முறை கோடு இழுத்ததாகவும் இருந்தது.

“கட்டம்” என்று படித்தேன்.

அவன் குனிந்து பார்த்தான். விரலால் அதைத் தொட்டான்.

“இதுல அம்மா என்ன எழுத வந்தாங்க?”

எனக்குள் ஒரு வாக்கியம் தயாராக எழுந்தது. அழகான வாக்கியம். அவன் அதை வடக்கே எடுத்துக்கொண்டு போயிருப்பான், வாழ்நாள் முழுக்க வைத்திருப்பான்.

“தெரியாதுப்பா” என்றேன். “எனக்குக் கேக்கல.”